பார்த்து எழுதுகிறவர்கள்

காப்பியடிப்பது என்றால் என்ன என்று தமிழ் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பரீட்சையானாலும் சினிமாப் பாட்டானாலும் தொடர்கதையானாலும் ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த வார்த்தையில் கோபம் குறைவு, சிரிப்புத்தான் அதிகம். பிட் அடித்துத் தப்பிய கதையைப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் ரசித்துச் சொல்லுகிறவர்களை எனக்குத் தெரியும். 2004-ல் வந்த 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' படத்தில் ரௌடிக் கதாநாயகன் டாக்டர் ஒருவரை மிரட்டித் தனக்குப் பதிலாகப் பரீட்சை எழுத வைக்கிறான். கொட்டகையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஹாஸ்யப் படத்தில் சிரிப்பது தவறில்லை. ஆனால் இந்த விஷயத்தைப் பற்றி நாம் சிரித்த அளவுக்கு யோசித்ததில்லை என்பதும் உண்மைதான்.

சிரிக்காத சமயங்களில் பறக்கும் படையை அனுப்புகிறோம், சட்டம் போடுகிறோம். 1992-ல் உத்தரப் பிரதேச அரசு பரீட்சையில் காப்பியடிப்பதை ஜாமீனில் விட முடியாத குற்றமாக்கியது. பள்ளிக்கூடத்துப் பையன்களைப் போலீசார் கைது செய்தார்கள். பின்னால் வந்த அரசு அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டது. 2024-ல் மத்திய அரசு கொண்டுவந்த பொதுத் தேர்வுச் சட்டம் இதைவிட விவேகமானது. கேள்வித்தாளைத் திருடி விற்கும் கூட்டத்தைத்தான் அது குறி வைக்கிறது. பரீட்சை எழுதும் பையனை அல்ல. ஆனால் எந்தச் சட்டமும் ஒரு சாதாரணக் கல்லூரி வகுப்புக்குள் நுழைவதில்லை. அங்கே வாராவாரம் நடக்கும் சின்னப் பரீட்சைகளையும் வீட்டிலிருந்து எழுதி வரும் கட்டுரைகளையும் ரெக்கார்டு நோட்டுகளையும் ஒரு ஆசிரியரும் அறுபது எழுபது மாணவர்களும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த வகுப்பைப் பற்றி எழுதப்பட்ட ஒரு நல்ல புஸ்தகத்தைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன். ஜேம்ஸ் லாங் என்பவர் எழுதிய 'சீட்டிங் லெஸன்ஸ்' என்ற ஆங்கில நூல் அது. 2013-ல் ஹார்வர்ட் பல்கலைக் கழகப் பதிப்பகம் வெளியிட்டது. எழுதியபோது அவர் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கல்லூரி ஒன்றில் ஆங்கில இலக்கிய ஆசிரியர். புள்ளிவிவரக்காரர் எழுதுகிற மாதிரி எழுதாமல், மாணவர்களின் கட்டுரைகளை வருஷக்கணக்காகத் திருத்திக் களைத்த மனிதர் எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறார். கல்லூரிப் படிப்பை முடிக்காத என் போன்றவனும் சிரமமில்லாமல் படிக்க முடிகிறது.

லாங்கின் அடிப்படைக் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யார் காப்பியடிக்கிறார்கள் என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். எப்படிப்பட்ட வகுப்பில் காப்பியடிக்கிறார்கள் என்று அவர் கேட்கிறார். நாலு நிலைமைகள் காப்பியடிப்பதை வளர்க்கின்றன என்பது அவர் கட்சி. படித்ததில் தேர்ச்சி பெறுவதைவிட மற்றவர் முன் செய்து காட்டுவது முக்கியமாக இருப்பது ஒன்று. ஒரே ஒரு பரீட்சையின் மேல் எல்லாவற்றையும் பணயம் வைப்பது இரண்டாவது. படிப்புக்காக அல்லாமல் வெளியிலிருந்து வரும் லாபத்துக்காகவே படிப்பது மூன்றாவது. தன்னால் முடியாது என்று மாணவன் ஆரம்பத்திலேயே முடிவு கட்டிவிடுவது நாலாவது. இந்த நாலும் சேர்ந்த இடத்தில் எத்தனை காவல் போட்டாலும் பிரயோஜனம் இல்லை என்கிறார்.

இதற்கு அவர் சரித்திரத்திலிருந்து காட்டும் உதாரணங்களில் ஒன்று சீனத்து அரசாங்கப் பரீட்சை. அதைவிடக் கடுமையான பரீட்சை உலகத்தில் நடந்ததாகத் தெரியவில்லை. நான்ஜிங் நகரத்துப் பரீட்சைக் கூடத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு அறைகள். அறைக்கு ஒருவர், அதிலேயே எழுதி, அதிலேயே சாப்பிட்டு, அதிலேயே தூங்க வேண்டும். வாசலில் உடையைக் களைந்து சோதனை போடுவார்கள். விடைத்தாளில் பெயரை மூடி ஒட்டிவிடுவார்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக, குமாஸ்தாக்கள் ஒவ்வொரு விடைத்தாளையும் சிவப்பு மையில் பிரதி எடுப்பார்கள். திருத்துகிறவர் பிரதியை மட்டுமே பார்ப்பார். 1858-ல் பீஜிங்கில் நடந்த பரீட்சையில் ஊழல் வெளிப்பட்டபோது, தலைமைப் பரீட்சகராக இருந்த முதிய மந்திரியின் தலையையே அடுத்த வருஷம் வாங்கிவிட்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உள்சட்டை முழுவதும் எறும்பு எழுத்தில் பாடம் எழுதிக்கொண்டு போனார்கள். அந்தச் சட்டைகள் இன்றும் பொருட்காட்சி சாலைகளில் இருக்கின்றன. 1905-ல் பரீட்சை முறையையே எடுத்த பிறகுதான் அது நின்றது. காரணம் எளிதில் புரிகிறது. அந்த ஒரு பரீட்சையில் தேறினால் குடும்பத்துக்கே விமோசனம். தேறாவிட்டால் நரைக்கும்வரை திரும்பத் திரும்ப எழுத வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் பயம் ஒரு தடையாகாது. பயத்தைவிட ஆசை பெரிது.

காவலுக்கு மாற்றாக மானத்தை நம்பியவர்களும் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக் கழகத்தில் 1840-ல் முகமூடி போட்ட மாணவன் ஒருவன் ஒரு பேராசிரியரைச் சுட்டுக் கொன்றான். ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே அவ்வளவு பகை முற்றிப் போயிருந்தது. பகையைத் தணிப்பதற்காக 1842-ல் ஆசிரியர்கள் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். பரீட்சை எழுதுகிறவன், தான் யாரிடமும் உதவி பெறவில்லை என்று தன் மானத்தின் மேல் ஆணையிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். காலப் போக்கில் இது மாணவர்களே நடத்தும் கௌரவ விதியாக வளர்ந்தது. மீறினவனுக்கு ஒரே தண்டனைதான்: பல்கலைக் கழகத்தை விட்டு நிரந்தர வெளியேற்றம்.

கேட்பதற்கு இது கம்பீரமாக இருக்கிறது. ஆனால் ஒரே தண்டனை, அதுவும் மிகப் பெரிய தண்டனை என்றால், கூடப் படிக்கிறவனைக் காட்டிக்கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? தூக்குத் தண்டனை ஒன்றே உள்ள ஊரில் சாட்சி சொல்ல ஆள் கிடைக்காது. 2022-ல் அந்தப் பல்கலைக் கழகத்து மாணவர்களே வாக்களித்து, நிரந்தர வெளியேற்றம் என்பதை மாற்றி, இரண்டு பருவங்கள் விலகியிருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். மானம் என்கிற ஏற்பாட்டுக்குக் கருணையும் கொஞ்சம் வேண்டியிருக்கிறது என்பதை உணர அவர்களுக்கு நூற்றெண்பது வருஷங்கள் ஆயின.

ஹார்வர்டில் 2012-ல் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் சபையைப் பற்றிய ஒரு பாடத்தில் வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதும் இறுதிப் பரீட்சை. புஸ்தகம் பார்க்கலாம், குறிப்புப் பார்க்கலாம், இணையமும் பார்க்கலாம். ஆனால் ஒருவரோடொருவர் கலந்து பேசக் கூடாது என்று விதி. 279 பேர் படித்த வகுப்பில் சுமார் 125 பேரின் விடைகள் விசாரணைக்கு உள்ளாயின. முடிவில் எழுபது பேர் அளவில் சில காலம் கல்லூரியை விட்டு விலக வேண்டி வந்தது. உலகத்திலேயே பொறுக்கி எடுத்த மாணவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் இவர்கள். கெட்ட பையன்கள்தான் காப்பியடிப்பார்கள் என்று வாதாடுகிறவர்கள் இந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும். கிட்டத்தட்ட பாதி வகுப்பு ஒரே சந்தேகத்துக்கு உள்ளாகியிருக்கும்போது, மாணவனை விசாரித்தால் மட்டும் போதாது. பரீட்சையையும் விசாரிக்க வேண்டும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப் போய்விட்டார்கள் என்ற புலம்பலையும் லாங் ஏற்பதில்லை. அவர் ஏற்காதது சரிதான். 1964-ல் வில்லியம் பவர்ஸ் என்பவர் 99 அமெரிக்கக் கல்லூரிகளில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களை விசாரித்து ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். ஏதாவது ஒரு விதத்தில் ஏமாற்றியிருக்கிறோம் என்று நாலில் மூன்று பங்குப் பேர் ஒப்புக்கொண்டார்கள். அவர்களெல்லாம் இன்று தாத்தாக்களாகிப் பேரப் பிள்ளைகளின் ஒழுக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

புஸ்தகத்தின் நடுப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒழுங்காகப் பாடம் நடத்துகிறவர்கள் சிலரின் வகுப்புகளுக்கு நம்மை அழைத்துப் போகிறார். அதில் ஒருவர் வர்ஜீனியாவிலே ருஷ்ய இலக்கியம் நடத்தும் ஆண்ட்ரூ காஃப்மன். அவருடைய மாணவர்கள் டால்ஸ்டாய் முதலானவர்களைப் படித்துவிட்டுப் பரீட்சைக் கூடத்துக்குப் போவதில்லை; இளங்குற்றவாளிகளை வைத்திருக்கும் சீர்திருத்த நிலையத்துக்குப் போகிறார்கள். அங்கே இருக்கும் பையன்களோடு உட்கார்ந்து அந்தக் கதைகளைப் பற்றிப் பேச வேண்டும். தன் வயதுக்காரன் ஒருவன், வாழ்க்கையில் அடிபட்டவன், எதிரே உட்கார்ந்து 'இந்தக் கதையில் வருகிற மனுஷன் சாகும்போது ஏன் அப்படி நினைக்கிறான்?' என்று கேட்டால் என்ன சொல்வது? நோட்ஸ் புஸ்தகம் அங்கே உதவாது. யாரைப் பார்த்துக் காப்பியடிப்பது? காப்பியடிப்பதற்கு அந்த வகுப்பில் அவசியமே இல்லாமல் போகிறது. கதை படிக்கிற வாசகர்களுக்கு இந்த ஒரு அத்தியாயத்துக்காகவே இந்த நூலைச் சிபாரிசு செய்வேன்.

பணயத்தைக் குறைக்க வேண்டும் என்று அவர் சொல்வதும் வெறும் தயாளம் அல்ல. வருஷ முடிவில் ஒரு பெரிய பரீட்சை என்பதற்குப் பதில் பத்துச் சின்னப் பரீட்சைகள் வைத்தால், ஒன்றில் தவறினவன் அடுத்ததில் சமாளித்துக்கொள்வான்; அதற்காகத் திருட வேண்டியதில்லை. அதோடு பாடமும் மனசில் நிற்கும். 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு மனோதத்துவக்காரர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். படித்ததையே திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, புஸ்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகமாக ஞாபகம் வைத்திருந்தார்கள். காப்பியடிப்பதைத் தடுக்கும் வழியும் பாடத்தைப் பதிய வைக்கும் வழியும் ஒன்றாக இருப்பது ஆசிரியருக்கு நல்ல செய்தி.

இனி என் ஆட்சேபங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, லாங்கின் ஆசிரியர் தன் வகுப்புக்குத் தானே ராஜா. பாடத்தை அவரே வகுக்கிறார், அவரே நடத்துகிறார், கேள்வி கேட்கிறார், மார்க் போடுகிறார். நம் ஊரில் வெகு காலமாக அப்படி இல்லை. 1857-ல் சென்னைப் பல்கலைக் கழகம் லண்டன் பல்கலைக் கழகத்தைப் பார்த்து ஏற்பட்டது. தொடக்கத்தில் அது பாடம் சொல்லித் தரும் இடமல்ல. பரீட்சை நடத்திப் பட்டம் தரும் இடம். இணைப்புக் கல்லூரிகளில் இன்றும் பாடம் நடத்துகிறவர் ஒருவர், கேள்வித்தாள் குறிக்கிறவர் ஒருவர், விடை திருத்துகிறவர் மூன்றாமவர். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்திராதவர்கள். இந்த ஏற்பாட்டில், சொன்ன பாடத்தைச் சொன்னபடி திருப்பி எழுதுவதுதான் எல்லாருக்கும் பத்திரம். மாணவன் நோட்ஸை மனப்பாடம் செய்து எழுதினால் கெட்டிக்காரன். அதே நோட்ஸைத் துண்டுக் காகிதத்தில் கொண்டுவந்து எழுதினால் குற்றவாளி. இரண்டு விடைத்தாளிலும் இருப்பது ஒரே நோட்ஸ். இந்த வித்தியாசத்தை ஒரு பதினெட்டு வயசுப் பையனுக்கு எப்படி மனசில் பதியும்படி சொல்வது?

1978-லிருந்து சென்னையில் சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன; பிறகு வேறு பலவும் பெற்றன. உள் மதிப்பீடு என்று ஒரு பகுதி மார்க்கும் ஆசிரியர் கைக்கு வந்திருக்கிறது. லாங் சொல்லும் சுதந்திரத்தில் ஒரு பங்காவது நமக்குக் கிடைத்திருக்கிறது என்று சந்தோஷப்படலாம். ஆனால் அதை வைத்து என்ன செய்தோம்? போன வருஷத்து ரெக்கார்டு நோட்டு இந்த வருஷத்து மாணவனிடம் வருகிறது. அடுத்த வருஷம் இன்னொருவனிடம் போகிறது. அசைன்மென்டுக்கு அதே தலைப்புத்தான் திரும்பத் திரும்ப வருகிறது; பக்கங்களை எண்ணி மார்க் விழுகிறது. எழுதினவனும் படிக்கவில்லை, வாங்கினவரும் படிக்கவில்லை என்றால் அங்கே யார் யாரை ஏமாற்றினார்கள்? ஒவ்வொரு வருஷமும் அதே கேள்வியைக் கேட்கிற ஆசிரியர் தன்னைத் தானே பார்த்து எழுதுகிறவர்தான். எல்லா ஆசிரியர்களையும் சொல்லவில்லை. நூறு கட்டுரைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் ராத்திரியெல்லாம் திருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சிறுபான்மை என்பதுதான் வருத்தம்.

இரண்டாவது ஆட்சேபம் கதை எழுதுகிறவனுடையது. சூழ்நிலை, சூழ்நிலை என்று லாங் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஒரே கூடம், ஒரே கேள்வித்தாள், ஒரே வறுமை. பக்கத்துப் பெஞ்சில் விடைத்தாள் திறந்து கிடக்கிறது. ஒருவன் பார்க்கிறான், இன்னொருவன் பார்க்காமல் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து போகிறான். இந்த இரண்டாமவனைப் பற்றி லாங்கின் நூலில் அதிகம் இல்லை. அவன் ஏன் பார்க்கவில்லை? அவன் அம்மா சொன்ன வார்த்தையா, ஒரு வாத்தியாரின் முகமா, வெறும் வீம்பா? நாவல் இந்தக் கேள்வியை விடாது. கல்வியைப் பற்றி எழுதுகிறவரும் விட்டிருக்கக் கூடாது. சூழ்நிலையைத் திருத்துவது அவசியம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அது முழுக் காரணம் இல்லை என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. முழுக் காரணம் என்று ஆக்கிவிட்டால் மாணவனுக்குப் பொறுப்பு இல்லாமல் போகிறது. பொறுப்பு இல்லாதவனுக்கு மரியாதையும் இல்லை.

மனித நேர்மையைப் பற்றிய சோதனைகளை லாங் நம்புவதிலும் எனக்குக் கொஞ்சம் எச்சரிக்கை உண்டு. அவர் துணை கொள்ளும் ஆராய்ச்சியாளர்களில் டான் ஏரியலி ஒருவர். ஏரியலியும் வேறு நால்வரும் சேர்ந்து, பாரத்தின் தலைப்பில் கையெழுத்து வாங்கினால் ஜனங்கள் உண்மை எழுதுகிறார்கள் என்று 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். அதிலிருந்த தகவல்களில் ஒரு பகுதி புனையப்பட்டது என்று பிற்பாடு தெரிய வந்து, 2021-ல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. புனைந்தது தாம் அல்ல என்று ஏரியலி மறுத்தார். யார் செய்தார்கள் என்பது நமக்கு முக்கியமல்ல. நேர்மையை அளக்க வந்த கட்டுரையிலேயே இப்படி நடந்தது என்பதைக் கவனித்தால் போதும். சோதனைச்சாலை சொல்வதோடு, வகுப்பில் முப்பது வருஷம் நின்ற ஓர் ஆசிரியரின் அனுபவத்தையும் கேட்டுக்கொள்வது நல்லது.

லாங் எழுதி முடித்த பிறகு நிலைமை பெரிதாக மாறிவிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. இன்று எந்தத் தலைப்பில் கட்டுரை கேட்டாலும் எழுதிக் கொடுக்க ஒரு யந்திரம் ஒவ்வொரு மாணவனின் சட்டைப் பையிலும் இருக்கிறது. காப்பியடிக்க இனிப் பக்கத்துப் பெஞ்சு வேண்டாம். கல்லூரிகள் பயந்துபோய், யந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் இன்னொரு யந்திரத்தைத் தேடி ஓடின. சாட்ஜிபிடியை உண்டாக்கிய ஸ்தாபனமே அப்படி ஒன்றை வெளியிட்டுவிட்டு, சரியாகக் கண்டுபிடிப்பதில்லை என்று 2023 ஜூலையில் திரும்ப வாங்கிக்கொண்டது. அடுத்த மாசம் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக் கழகம், ஒரு நிறுவனத்தின் அப்படிப்பட்ட கருவியை நிறுத்திவிட்டது. 2022-ல் அங்கே அந்த நிறுவனத்தின் மென்பொருள் வழியாகப் பரிசோதித்த கட்டுரைகள் 75,000. கருவி நூற்றுக்கு ஒன்று தப்பாகச் சொன்னால்கூட 750 கட்டுரைகள் மேல் வீண் பழி விழும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்தக் கணக்கைப் போட்டவரை நான் நமஸ்கரிக்கிறேன்.

நமக்கு இதில் தனியாக ஒரு கவலை இருக்கிறது. அதே வருஷம் ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர்கள் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை, யந்திரம் எழுதியது என்று அவை தீர்ப்புச் சொல்லின. எளிய சொற்கள், ஒரே மாதிரி வாக்கியங்கள்: இதுதான் அவர்கள் செய்த குற்றம். இங்கிருந்து கடன் வாங்கி வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற நம் வீட்டுப் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலமும் பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான். பார்த்து எழுதின பத்துப் பேர் தப்பிப் போவதை ஒரு கல்லூரி தாங்கிக்கொள்ளலாம். தானாக எழுதின ஒருவனைத் திருடன் என்று சொன்னால், அதை அவன் ஆயுள் முழுக்கத் தாங்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் ஆசிரியர் என்னதான் செய்வது? சந்தேகம் வந்தால் மாணவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பது என் அபிப்பிராயம். வகுப்பின் நடுவே நிற்க வைத்து அல்ல. 'இந்த இரண்டாம் பாராவில் என்ன சொல்ல வருகிறாய்? ஏன் இந்த உதாரணத்தை எடுத்தாய்?' என்று கேட்டால், எழுதினவனுக்குத் தட்டுத் தடுமாறியாவது பதில் வரும், எழுதாதவனுக்கு வராது. வராவிட்டால், அங்கேயே வேறொரு தலைப்பைக் கொடுத்துத் தன் வார்த்தையில் எழுதச் சொல்லலாம். முதல் தவறுக்கு மார்க் போகட்டும்; பாடம் போக வேண்டாம். தவறு திரும்ப நேர்ந்தால், வேறு ஆசிரியர்களுக்கும் தெரியும்படி பதிவு செய்து தண்டிக்கட்டும். தண்டனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக எழுதினவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்; அவனுக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஆனால் தண்டனை கடைசியில் வரட்டும் என்கிறேன்.

இதற்கெல்லாம் ஆசிரியருக்குத் தன் மாணவனின் எழுத்து தெரிந்திருக்க வேண்டும். பருவத்தின் முதல் வாரத்திலேயே வகுப்பில் உட்கார வைத்து ஒரு பக்கம் எழுதச் சொல்லி அதைப் படித்து வைத்துக்கொண்டால், பிறகு வருவது யாருடைய குரல் என்று கண்டுகொள்ளலாம். ஒரு பத்திரிகாசிரியருக்குத் தன் எழுத்தாளர்களின் நடை தெரியாதா? எழுபது பேர் வகுப்பில் இது முடியுமா என்று கேட்பார்கள். கஷ்டம்தான். அப்படியானால் எழுபது பேரை ஒரு வகுப்பில் போடுகிற நிர்வாகமும் இந்தக் குற்றத்தில் பங்காளி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பறக்கும் படைக்கும் காமிராவுக்கும் கருவிகளுக்கும் செலவழிக்கிற பணத்தில் இன்னும் இரண்டு ஆசிரியர்களை நியமித்தால் என்ன என்று யாராவது கணக்குப் பார்க்கலாம்.

லாங்கின் நூல் பூரணமானது அல்ல. அமெரிக்க வகுப்பறையின் சௌகரியங்களை அது உலகப் பொதுவென்று எண்ணிக்கொள்கிறது; பார்க்காமல் எழுதின அந்த இரண்டாவது பையனைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது. இருந்தாலும், காப்பியடிக்கிறவனைப் பிடிப்பது எப்படி என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்களை, நாம் என்ன கேட்டதற்கு அவன் காப்பியடித்தான் என்று கேட்க வைத்தது பெரிய காரியம். தமிழில் இப்படி ஒரு புஸ்தகம் வர வேண்டும். மொழிபெயர்ப்பு அல்ல. இணைப்புக் கல்லூரியில் எழுபது பேர் வகுப்பை நடத்திக்கொண்டிருக்கிற ஒருவர் தம் வகுப்பைப் பற்றித் தாமே எழுத வேண்டும். எழுதினால் முதல் பிரதியை வாங்க நான் தயார்.